மூன்றாவது பெட்டி

அருளப்பன் கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து சேர்ந்தவர். குருவான பேராசிரியர் மெஹருன்னிசாவைவிட வயதில் மூத்தவர். அதனால் குரு சீடரை சார் என்பார், சீடர் குருவை மேடம் என்பார். எந்த ஆசிரமத்திலும் இப்படி ஒரு வழக்கம் இருக்காது.

காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்பதற்குக் கணித மாதிரி செய்வதுதான் அவருடைய ஆய்வு. அதற்கு உதவித்தொகை உண்டு. ஆனால் கணிதத்தில் ஒரு வழிகாட்டி, மருத்துவத்தில் ஒரு வழிகாட்டி என்று இருவர் இருந்தால்தான் தொகை தொடரும். வேலையை விட்ட மனிதருக்கு வீட்டில் அடுப்பெரிவதே அந்தத் தொகையில்தான்.

அன்று மருத்துவ வழிகாட்டியான டாக்டர் பொற்செல்வி அருளப்பனோடு நடந்த ஆய்வுக் கூட்டத்தின் பாதியிலேயே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அருளப்பன் இடிந்துபோய்க் குருவின் அறைக்கு வந்தார். பாவம், மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை.

“நான் என்ன தப்பு செஞ்சேன் மேடம்? கணக்கு சரிதானே?”

“கணக்குல ஒரு குத்தமும் இல்ல சார். டாக்டர் என்ன கேட்டாங்க?”

“செத்துப்போனவங்க எங்கேன்னு கேட்டாங்க. மூணாவது பெட்டியில இருக்காங்கன்னேன்.”

குரு எழுந்து கரும்பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்தார். முதலாவது, காய்ச்சல் வராதவர்களுக்கு. இரண்டாவது, வந்து படுத்திருப்பவர்களுக்கு. மூன்றாவது, அதைக் கடந்துவிட்டவர்களுக்கு. இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிற படம் அதுதான்.

“அப்ப குணமானவங்க?”

“அவங்களும் அதுலதான் மேடம். ரெண்டு பேராலயும் இனிமே யாருக்கும் பரவாது. கணக்குக்கு ரெண்டும் ஒண்ணு. அதைத்தான் சொன்னேன்.”

“டாக்டர்கிட்டயா?”

“ஆமா.”

“முந்தாநாள் அவங்க வார்டுல ஒரு குழந்தை இறந்துபோச்சு. தெரியுமா?”

அருளப்பனுக்குத் தெரியாது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“போன மழைக்கு உங்க வீட்டம்மாவுக்கும் இதே காய்ச்சல் வந்துச்சே. அவங்க எந்தப் பெட்டி?”

“மூணாவது.” சொன்னவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “நல்லாயிட்டாங்க மேடம். நல்லாத்தான் இருக்காங்க.”

“பெட்டியில அப்படி எழுதலையே சார்.”

குரு சாக்பீஸை அவர் கையில் கொடுத்தார்.

“அந்தப் பெட்டிக்குள்ள ஒரு கோடு போடுங்க.”

“போட்டாலும் விடை மாறாதே மேடம். யாருக்குப் பரவும், எவ்வளவு வேகமாப் பரவும், எல்லாம் அப்படியேதான் வரும்.”

“மாறாட்டிப் போகுது. போடுங்க.”

வருஷக்கணக்கில் பலகையில் எழுதிப் பழகிய கை அது. பெட்டியின் மேல் விளிம்பில் சாக்பீஸை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். பிறகு வலப்பக்கம்.

“எங்க போடறது மேடம்? யாரு பிழைப்பாங்க, யாரு பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானே போட முடியும்? என் கணக்குல அதுக்கு இடமே வைக்கலையே.”

“எனக்கும் தெரியாது சார்” என்றார் குரு. “தெரிஞ்சவங்க உங்க மேல கோவமா ஆஸ்பத்திரியில உக்காந்திருக்காங்க. போங்க. போய் முதல்ல அந்தக் குழந்தையோட பேரைக் கேளுங்க.”