காலை நீட்டிய குழந்தை

பொறுமையாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்பு உங்களுடையது.

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு ஷூ கம்பெனி. அங்கே தைக்கிற ஷூ அந்த ஊர்க் கடையில் கிடைக்காது; எல்லாம் கப்பலேறிப் போகும். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியை அங்கே 'பையர்' என்பார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை, கதவுக்கு மேல் 'குழந்தைகள் காப்பகம்' என்று நீலப் பெயின்டில் எழுத்து. வேலைக்காரர்களுக்கு வசதியெல்லாம் இருக்கிறதா என்று சோதிக்கப் பையர் அனுப்புகிற ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் அது திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டுதான்.

அந்தக் கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைக்கிறவள் நிரோஷா. புருஷன் லாரியோடு போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. மகள் தர்ஷினிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டில் பீடி சுற்றும் மும்தாஜ் அக்காவிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். வாசலை ஒட்டியே பஸ் போகிற ரோடு. பீடி சுற்றுகிற கை குழந்தையை எப்படிப் பிடிக்கும்? அதனால் பழைய துப்பட்டாவால் பிள்ளையின் காலைக் கட்டில் காலோடு தளர்வாகக் கட்டிவிட்டுப் போவாள். முதலில் வீறிட்டு அழுத பிள்ளைக்குப் போகப் போகப் பழகிவிட்டது. கட்டிலைப் பார்த்தாலே தானாகக் காலை நீட்டும்.

ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் தனபால் வந்து நின்றார்.

"சின்னப் புள்ள வெச்சிருக்கவங்கல்லாம் நாளைக்குத் தூக்கினு வாங்க. கேட்டா, தினமும் இங்கதான் விடறோம்னு சொல்லணும். மாத்திச் சொன்னீங்க, ஆர்டர் வேற தேசத்துக்குப் பூடும். அப்பறம் எல்லாரும் ஊட்லயே குந்திக்கலாம்."

"அந்த ரூமைத் தினமும்தான் தொறந்து வுடுங்களேன், சார்," என்றாள் ஒருத்தி.

"மொதலாளியக் கேட்டா, பையர் வெலையக் கொறைக்கிறான்றாரு. பையரை நான் எங்க போய்க் கேக்கறது?"

அவர் சும்மா பயமுறுத்தவில்லை. பக்கத்துக் கம்பெனிக்கு அப்படித்தான் ஆர்டர் நின்றது. அங்கே தைத்த பெண்கள் காலையில் இந்தக் கேட்டில் வந்து நின்று, ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

மறுநாள், கேன்டீனில் பாத்திரம் கழுவும் சரசுவுக்குப் புது ஏப்ரன் மாட்டி ஆயாவாக்கினார்கள்.

"இன்னைக்கு நான் ஆயாம்மா. மரியாதையாப் பேசுங்கடி!"

"நாளைக்கு?"

"நாளைக்கு இன்னா, பழையபடி அண்டாதான்!"

ஆடிட்டர் அம்மா சென்னையிலிருந்து காரில் வந்தார். இறங்கும்போதே, "சாயங்காலத்துக்குள்ள இன்னொரு கம்பெனி பாக்கணும்" என்றார். காப்பகத்துக்குள் போய், அன்று அங்கே பிள்ளையை விட்டிருந்த நிரோஷாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த நேரம் பார்த்துத்தான் சரசு, தர்ஷினியை அங்கே போட்டிருந்த கட்டிலோரம் இறக்கிவிட்டாள். சுற்றிலும் புதுப் பொம்மைகள். பிள்ளை எதையும் தொடவில்லை. கட்டில் காலருகே உட்கார்ந்து, சரசுவிடம் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஆடிட்டர் அம்மா குனிந்து பார்த்தார். கணுக்காலில் துணி உரசிய தடம்.

"குழந்தை தினமும் இங்கதான் இருக்கா?" என்று நிரோஷாவைக் கேட்டார்.

ஆமாம் என்றால், காப்பகத்திலேயே கட்டிப்போடுகிறார்கள் என்றாகும். பழி சரசு தலையில். இல்லை என்றால், காப்பகமே பொய் என்றாகும். ஆர்டர் போகும், அத்தனை பேர் வேலையும் போகும். நிரோஷா பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாம்மா கட்டினேன்," என்றாள் சரசு. "கேட்டு பக்கமே ஓடுது. தப்புதாம்மா."

ஆடிட்டர் அம்மா அவளுடைய ஏப்ரனைப் பார்த்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை, விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"குழந்தை பேர் என்ன?"

சரசு நிரோஷாவின் முகத்தைப் பார்த்தாள். பெயர் அவளுக்குத் தெரியாது. வெளியே கார் ஹாரன் அடித்தது.

ஆடிட்டர் அம்மா தனபாலிடம் திரும்பினார். "ஆயாவை மாத்திடுங்க. மத்ததெல்லாம் சரி."

ஆர்டர் வந்தது. ஆயாவை மாற்றியதாகக் காட்ட வேண்டுமே, கேன்டீனிலிருந்தும் சரசுவை நிறுத்திவிட்டார்கள். அறைக்குப் பழையபடி பூட்டு.

இப்போது சொல்லுங்கள். செய்யாத தப்பைச் சரசு ஒத்துக்கொண்டாள். உண்மை தெரிந்தும் நிரோஷா வாய் திறக்கவில்லை. பொய்யென்று புரிந்தும் ஆடிட்டர் அம்மா சரி என்றார். இந்த மூவரில் தப்பு யாருடையது?

விடை: ஆடிட்டர் அம்மாவுடையது. நிரோஷாவுக்கு இருந்தது இரண்டே பதில். எதைச் சொன்னாலும் அடுத்தவர் சோறு போகும். சரசு கொடுத்தது தன் சோற்றை. 'அறையைத் தினமும் திறங்கள், சொல்லாமல் ஒருநாள் திரும்பி வருவேன்' என்று சொல்லக்கூடியவர் ஆடிட்டர் அம்மா ஒருவர்தான். பிள்ளையும் கட்டவிழ்ந்திருக்கும், ஆர்டரும் போயிருக்காது. அவருக்கு நேரமில்லை.

ஆனால் நிரோஷாவால் இந்த விடையை ஒத்துக்கொள்ள முடியவில்லை. தினமும் காலையில் கட்டிலோரம் குனிகிறாள். துப்பட்டாவை எடுக்கும் முன்பே பிள்ளை காலை நீட்டுகிறது. கட்டி முடித்ததும், சரசு வீடு இருக்கிற தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.