பெனிலா விட்டுப் போன வேலை

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்த ஒரே ஒரு நர்ஸ் வேலைக்கு இரண்டு பெண்கள் உரிமை கேட்டு, ஒரே மேசைக்கு முன்னால் நின்றார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே நடந்ததை நிதானமாகக் கேளுங்கள்.

பெனிலாவும் விஜிலாவும் நர்சிங் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். ஒரு வருடம் இவள் முதலாவதாக வந்தால் மறு வருடம் அவள் வருவாள். படிப்பு முடிந்ததும் பெனிலா ஊரிலேயே, நான் சொன்ன மருத்துவமனையில் சேர்ந்தாள். விஜிலா சென்னைக்குப் போனாள். அவளுக்கு அங்கே பெனிலாவைப் போல இரண்டு மடங்கு சம்பளம்.

அந்த இரண்டு மடங்கை பெனிலாவால் பொறுக்க முடியவில்லை. அதே படிப்பு, அதே வேலை, அதே கால் வலி. அவளுக்கு மட்டும் ஏன்? கிறிஸ்துமஸுக்கு விஜிலா புதுச் சங்கிலி போட்டுக்கொண்டு கோவிலுக்கு வருவாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். அன்றைக்கெல்லாம் பெனிலா வீட்டுக்கு வந்து, டைல்ஸ் கடையில் வேலை பார்க்கும் கணவன் சகாயத்திடம் காரணமில்லாமல் எரிந்து விழுவாள்.

சங்கிலி தவணையில் வாங்கியது என்பது அவளுக்குத் தெரியாது. சென்னைப் போரூரில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டுக்கே விஜிலாவின் சம்பளத்தில் பாதி போனது. தண்ணீர் கேனுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போனது போக மிஞ்சியது சாப்பாட்டுக்கு. டூட்டி நேரத்தில் குழந்தையைப் பார்க்க ஆள் வைக்க வழியில்லை. மகளைக் கருங்கல் என்ற ஊரில் தன் தாயிடம் விட்டிருந்தாள். அந்தப் பிள்ளை அவளை ‘சென்னை அம்மா’ என்று கூப்பிட்டது. கோவிலில் பெனிலாவின் தோளில் அவள் மகள் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் விஜிலாவுக்கு வயிறு எரியும்.

இருவரும் இதை வெளியே சொன்னதில்லை.

ஒருநாள் பெனிலா போன் செய்தாள். “எனக்க சித்தி மவ ஒருத்தி சென்னைக்கு வேலைக்கு வரலாமான்னு கேக்கா. அங்க செலவெல்லாம் எப்படி பிள்ளே?”

அப்படி ஒரு சித்தி மகளே கிடையாது.

“தாராளமா வரச் சொல்லு. சம்பளத்துல பாதி அப்படியே மிச்சம்” என்றாள் விஜிலா.

அப்படி ஒரு மிச்சமும் கிடையாது.

பெனிலா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைச் சகாயத்திடம் விட்டுச் சென்னைக்குப் போனாள். விஜிலாவைவிடச் சற்றே கூடுதலாகத் தரும் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தாள். விஜிலாவிடம் மூச்சு விடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று, எல்லாப் பெண்களும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள்.

அதே மாதம் பெனிலாவின் நாகர்கோவில் மருத்துவமனைக்கு ஒரு நர்ஸ் தேவை என்ற விளம்பரம் விஜிலாவின் கண்ணில் பட்டது. பாதிச் சம்பளத்துக்கு ஊர் திரும்புகிறோம் என்று சொல்ல வெட்கப்பட்டு அவளும் யாரிடமும் சொல்லவில்லை. வந்து சேர்ந்த முதல் நாளே, பெனிலா எங்கே என்று கேட்டபோது வார்டைப் பெருக்கும் அம்மா சொன்னாள்: “இது பெனிலா சிஸ்டருக்க இடம். அவங்க சென்னைக்குப் போயிட்டாங்க.”

விஜிலாவுக்கு வருத்தம் வரவில்லை. இனி அவளும் அனுபவித்துப் பார்க்கட்டும் என்றுதான் தோன்றியது. போனைக் கையில் எடுத்தாள். பிறகு பைக்குள் வைத்துவிட்டாள்.

பெனிலா சென்னையில் நான்கு மாதம் தாக்குப் பிடித்தாள். அறை வாடகையும் மெஸ் சாப்பாடும் போக, ஊரில் இருந்தபோது கையில் நின்ற பணம்கூட நிற்கவில்லை. மகள் போனில் பேசுவதைக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விட்டாள். அன்றே பெனிலா ரயில் ஏறினாள். பழைய மருத்துவமனைக்குப் போய், விஜிலா இருக்கும் தன் இடத்தைத் திருப்பிக் கேட்டாள்.

நர்சிங் கண்காணிப்பாளர் லலிதாபாய் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். விஜிலாவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் வெளியே போக வேண்டியதுதான்.

“எட்டு வருசம் இங்க நின்னவ நான் மேடம். இவ சொன்ன பொய்ய நம்பித்தான் போனேன்” என்றாள் பெனிலா.

“போறது நீதான்னு எங்கிட்ட சொன்னியா? சொல்லியிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருப்பியா?”

விஜிலா கண்காணிப்பாளரைப் பார்த்துச் சொன்னாள்: “எனக்க பிள்ளை இப்பத்தான் மேடம் என்னை வெறும் அம்மான்னு கூப்பிடுது.”

இப்போது சொல்லுங்கள். எட்டு ஆண்டு உழைத்தவளுக்கா, காலியான இடத்துக்கு முறையாக வந்தவளுக்கா? அந்த வேலை யாருக்கு உரியது?

விடை: விஜிலாவுக்கு. அவள் பொய் சொன்னது பெருமைக்காக. பெனிலாவின் வேலையைப் பிடிக்க அல்ல. பெனிலா வேலையை விட்டது அந்தப் பொய்யால் மட்டுமல்ல, விஜிலாவை முந்த வேண்டும் என்ற ஆசையாலும்தான். தானாக விட்ட இடத்தைத் திருப்பிக் கேட்க அவளுக்கு உரிமையில்லை. ஆனால் விஜிலாவும் குற்றமற்றவள் அல்ல. உண்மை தெரிந்த முதல் நாளே அவள் போன் செய்திருந்தால், ஒரு தாய்க்கும் மகளுக்கும் நான்கு மாதம் வீணாகியிருக்காது. லலிதாபாயும் இதையே சொல்லி, வேலையை விஜிலாவுக்குக் கொடுத்தார். பெனிலா தக்கலையில் ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்ந்தாள். சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஆனால் மாலையில் மகளோடு இருக்கிறாள். பொறாமை தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். விஜிலாவுக்கு இப்போது தன்னைவிட இரண்டாயிரம் அதிகம் என்பதை அவள் போன வாரமே விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.