ஒருத்தி போடும் புதிர்

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்திரண்டு. அதெப்படி என்று கேட்காதீர்கள். கோவில்பட்டியில் அப்படித்தான் வாய்த்தது, வாய்த்ததைச் சொல்கிறேன்.

குருவின் பெயர் செண்பகவல்லி. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஆதார் கார்டும் ரேஷன் கார்டும் பிரதியெடுக்க வருகிறவர்களுக்கு அவள் வெறும் ஜெராக்ஸ் கடை அக்கா. ஆனால் ஞாயிறுதோறும் அவள் இணையத்தில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் வெளியிடுவாள். அதற்குச் சிங்கப்பூரிலும் துபாயிலும் ஆட்கள் விழித்துக்கொண்டு காத்திருப்பார்கள். சந்துக்குள் யாருக்கும் இது தெரியாது.

சீடர் திரவியம் அண்ணாச்சி. ஒரு காலத்தில் ஊரில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர். 'ரஞ்சனி ரெக்கார்டிங் சென்டர்' என்று மகள் பெயரில்தான் போர்டு. இப்போது கடையும் இல்லை, கேசட்டும் இல்லை, ரஞ்சனியும் ஊரில் இல்லை.

ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி வந்து நின்றார். கையில் எந்தத் தாளும் இல்லை.

"என்ன பிரதி எடுக்கணும் அண்ணாச்சி?"

"எனக்குப் புதிர் கட்டச் சொல்லிக் கொடுக்கணும்மா."

செண்பகவல்லி மெஷினை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வந்த புதிரைப் போட்டு விடை கண்டுபிடிக்கவா, புதுசாக் கட்டவா?"

"கட்டத்தான்."

"சரி. ஒரே ஒரு விதிதான். ஒருத்தராலயும் போட முடியாத புதிரை நான் வெளியிட மாட்டேன். சம்மதமா?"

"சம்மதம்."

அன்றிலிருந்து தினம் கூட்டம் குறையும் நேரமாகப் பார்த்து அவர் வந்துவிடுவார். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்காருவார். கட்டம் வரைவார், அழிப்பார், மறுபடியும் வரைவார். விளையாட்டாக "குருவம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது. பக்கத்து டீக்கடைக்காரர், "அண்ணாச்சிக்கு இந்த வயசுல பள்ளிக்கூடம்" என்று கேலி பண்ணினார். அண்ணாச்சி காதில் வாங்கவில்லை.

சில மாதம் போனது. ஒருநாள் சட்டைப்பைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"கட்டிட்டேன் குருவம்மா."

செண்பகவல்லி பிரித்தாள். மேல் பாதியில் கட்டம், விடைகள் நிரப்பியது. கீழ் பாதியில் குறிப்புகள். எல்லாக் குறிப்பும் பாட்டு. ஆனால் ஒரு பாட்டும் நேராக இல்லை.

"நிலவின் வடையில் நீந்திடும் படகே" என்று அவள் வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாள். "என்ன அண்ணாச்சி இது, வடையில போய்ப் படகு நீந்துது?"

"மடியில்ங்கிறதுதான் சரி. நாலு எழுத்து. அதை அவங்க கண்டுபிடிச்சுக் கட்டத்துல போடணும்."

"ஆத்தங்கரைக் காக்கா அவளிடம் சொல்லு…"

"காற்றே. மூணு எழுத்து."

"நல்லாத்தான் இருக்கு. யாரு இப்படிக் கேட்டது? நீங்களா?"

அண்ணாச்சி மெஷினிலிருந்து சூடாக வந்து கிடந்த தாள்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அது அவர் வேலையே இல்லை.

"ரஞ்சனி" என்றார் பிறகு. "சின்னப் பிள்ளையில."

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே கடைக்குத்தான் வருவாள். அப்பா பாட்டுப் பதிவு செய்வார், மகள் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து கூடவே பாடுவாள். எதையும் சரியாகப் பாட மாட்டாள். "நிலாவுலதானப்பா பாட்டி வடை சுடுறா? அப்ப வடைதானே?" என்று நியாயம் வேறு கேட்பாள். அண்ணாச்சிக்கோ பாட்டில் ஓர் எழுத்து பிசகினாலும் ஆகாது. அரைகுறையாகப் பாட்டுப் பேர் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத் திருத்தி அனுப்புவதில் அவருக்கு அப்படியொரு பெருமை. ஊரும் மெச்சியது. மகளையும் அதே வாயால் திருத்தினார், வாடிக்கையாளர்கள் முன்னால். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கவுண்டருக்குக் கீழே பாட்டுச் சத்தம் நின்றுபோனது. நின்றதை அவர் கவனிக்கவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை.

அப்புறம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வழக்கம்போல, "ஒரு பாட்டுப் பாடும்மா" என்றார்கள். ரஞ்சனி பாடினாள். அவள் குரலை எத்தனையோ வருடம் கழித்து அண்ணாச்சி அன்றைக்குத்தான் கேட்டார். நெஞ்சு நிறைந்துபோனது. இரண்டாவது வரியில் ஒரு சொல் இடறியது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அது அப்படி இல்லம்மா" என்றார்.

கூடமே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அந்தக் கலகலப்பு ரொம்பப் பிடித்துப்போய் அங்கேயே நாள் குறித்துவிட்டார்கள். ரஞ்சனியும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். பாட்டை முடிக்கவில்லை.

"கல்யாணமாகி மெல்போர்ன் போயிட்டா" என்றார் அண்ணாச்சி. "சண்டையான்னு கேட்டா சண்டை ஒண்ணும் இல்ல. பேச்சு மட்டும் இல்ல. போன் வந்தா என் வீட்டுக்காரி பாக்கியத்தாய்தான் எடுப்பா. 'அப்பா சாப்பிட்டாரா'ன்னு அவ கேப்பா. 'சாப்பிட்டாரு'ன்னு இவ சொல்லுவா. அதோட என் பங்கு முடிஞ்சது. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன்."

"நீங்களே ஒரு போன் போடலாமே?"

"போட்டேன் ஒருக்க. 'நல்லாயிருக்கியா'ன்னேன். 'நல்லாயிருக்கேன்'னா. 'நீங்க'ன்னா. 'நானும்'னேன். அதுக்கு மேல எங்க ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் அகப்படல குருவம்மா. வெறும் மூச்சுச் சத்தந்தான் கேட்டுச்சு. வச்சிட்டேன்."

கடைக்கு ஒரு பெண் வந்தாள். சாதிச் சான்றிதழ், நாலு பிரதி. செண்பகவல்லி எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். அதுவரை அண்ணாச்சி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்க புதிரைப் போட்டுட்டுத்தான் அவ குளிக்கவே போவாளாம். உங்க பேரையும் ஊரையும் சேத்துப் பாக்கியத்தாய்கிட்டச் சொன்னதைக் கேட்டேன். அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன். எனக்கு அவ என்கிட்டப் பேசணும். வேற ஒண்ணும் வேண்டாம். ராத்திரி பகல் அதே நினைப்பாத்தான் இருக்கு."

செண்பகவல்லி தாளை மறுபடியும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தப் புதிரை ரஞ்சனி போட்டு முடிச்சா, கட்டத்துல என்ன இருக்கும்?"

"எல்லாம் சரியான சொல்லா இருக்கும்."

"அவ பாடினது?"

"அது குறிப்புலதான் இருக்கே. அதைத்தான் திருத்தணும்."

"யாரு திருத்தணும்?"

"அவதான்…"

அண்ணாச்சி சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

செண்பகவல்லி கத்தரிக்கோலை எடுத்தாள். குறிப்பில் இருந்த 'வடையில்' என்ற சொல்லை வெட்டினாள். கட்டத்தில் இருந்த 'மடியில்' என்ற நாலு எழுத்தையும் வெட்டினாள். இடம் மாற்றி இரண்டையும் கோந்து தடவி ஒட்டினாள். அடுத்து 'காக்கா'வையும் 'காற்றே'வையும் எடுத்தாள். மெஷின் மேல் பொடிப்பொடியாகத் தாள் பறந்தது. இப்போது குறிப்பில் பாட்டு சரியாக இருந்தது. கட்டத்துக்குள் ரஞ்சனி பாடியது இருந்தது.

அண்ணாச்சி பதறிப்போனார். "என்ன குருவம்மா பண்ணுதீங்க? நிலவின் மடியில்னு குறிப்பைக் கொடுத்துட்டு, வடையில்னு விடை வச்சா ஊர்ல ஒருத்தனும் போட மாட்டான். நீங்கதானே விதி சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"ஒருத்தராலயும் போட முடியாத புதிரை வெளியிட மாட்டேன்னு."

"ஒருத்தியால முடியும்ல" என்றாள் செண்பகவல்லி. கோந்து டப்பாவை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

மற்ற சொற்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களைச் சரிபண்ண இன்னும் ஒரு வாரம் பிடித்தது. 'பாட்டு ஒன்று, காது வேறு' என்று அவளே தலைப்பு வைத்தாள். கீழே 'அமைத்தவர்: திரவியம், கோவில்பட்டி' என்று போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியிட்டாள்.

திட்டு வந்தது பாருங்கள், சும்மா இல்லை! புதிரா இது, அநியாயம் என்றார் ஒருவர். 'மடியில்' போட்டால் ஒன்றுக்கொன்று முட்டுகிறது, கட்டமே தப்பு என்றார் இன்னொருவர். இத்தனை வருடம் சேர்த்த பேரை ஒரே நாளில் கெடுத்துக்கொண்டீர்களே அம்மா என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரியவர் வருத்தப்பட்டு எழுதினார். செண்பகவல்லி எல்லாருக்கும் 'நன்றி' என்று மட்டும் பதில் போட்டாள்.

"உங்களுக்கு என்னால கெட்ட பேரு" என்றார் அண்ணாச்சி.

"அது கிடக்கட்டும்."

"அவகிட்ட இருந்து?"

"வரல."

மறுநாளும் வரவில்லை. வாரம் முழுக்க வரவில்லை. அண்ணாச்சி மத்தியானத்துக்குக் காத்திருக்கவில்லை. ஷட்டர் தூக்கும்போதே வந்து நின்றார். ஒன்றும் கேட்க மாட்டார். செண்பகவல்லி போனைப் பார்ப்பதைப் பார்ப்பார். அவள் தலையை அசைப்பாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. பாக்கியத்தாய் தட்டைப் பார்த்துவிட்டு, "அவ கேட்டா சாப்பிட்டாருன்னு இனிமே நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். வழியில் எங்காவது ஒரு சின்னப் பிள்ளை பாடிக்கொண்டு போனால் மட்டும் நின்றுவிடுவார். அது பாடி முடிக்கும்வரை நகர மாட்டார். பாட்டு சரியா தப்பா என்று அவருக்கு இப்போது காதில் விழவே இல்லை.

அடுத்த ஞாயிறு புதுப் புதிர் வந்துவிட்டது. அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து, "அவ மறந்திருப்பா குருவம்மா. நான் திருத்தித் திருத்தி எல்லாத்தையும் அழிச்சிட்டேன் போல" என்றார். குரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம். அண்ணாச்சி படி ஏறும்போதே செண்பகவல்லி மெஷினிலிருந்து ஒரு தாளை உருவி அவர் கையில் வைத்தாள். சூடாக இருந்தது.

நிரப்பின கட்டம். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பியது. அந்த எழுத்தை அவருக்குத் தெரியாதா? வடையில். காக்கா. வரிசையாக எல்லாம் அப்படியே இருந்தது. ஒன்றும் மறந்திருக்கவில்லை. அண்ணாச்சி நின்ற இடத்திலேயே அழுதார். பிரதி எடுக்க வந்த ஒரு கல்லூரிப் பையன் என்னமோ ஏதோ என்று பயந்து ஒதுங்கிக்கொண்டான்.

"கீழேயும் படிங்க" என்றாள் செண்பகவல்லி.

கீழே இரண்டு வரி இருந்தது. 'அப்பா, ஏழாவது விடை தப்பு. தோணி வரும் நேரம் பாட்டை நான் கோழி வரும் நேரம்னு பாடவே இல்லை. கோணி. பருத்திக் கோணி ஏத்தின வண்டி நம்ம கடை வழியா வரும்போதுதான் பாடுவேன்.'

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். மூன்றாவது தரமும் படித்தார். மெல்ல மெல்ல அவர் புருவம் சுருங்கியது. அவருக்குள்ளிருந்த பழைய ரெக்கார்டிங் சென்டர் முதலாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இல்லையே" என்றார்.

"என்ன இல்ல?"

"கோணி இல்ல. கோழிதான். சைக்கிள்ல கோழிக்கூடை கட்டிக்கிட்டு ஒருத்தர் வருவாரு. அவரைக் கண்டாலே குதிச்சுக் குதிச்சுப் பாடுவா. எனக்கு அச்சு மாதிரி ஞாபகம் இருக்கு. அவளுக்கு என்ன தெரியும், ஆறு வயசு அப்ப! நீங்களே சொல்லுங்க குருவம்மா. அந்தக் கட்டத்தை வெட்டுற சொல்லுக்கும் 'ழி'தான் வேணும். 'ணி' போட்டா நிக்காது. விடை வெளியிடும்போது எதைப் போடப் போறீங்க? கோழின்னுதானே போடணும்? கோணின்னு ஒரு பிள்ளை பாடுமா?"

செண்பகவல்லி அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, மெஷின் கண்ணாடி மேல் அவர் முன்னால் வைத்தாள்.

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க அண்ணாச்சி? அவகிட்டச் சொல்லுங்க."