வெறுங்கையோடு வந்த ஏழு பேர்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் குடோனுக்கு இசக்கிப்பாண்டி அண்ணாச்சிதான் பொறுப்பு. ஐம்பது தாண்டிய பிறகு கம்ப்யூட்டர் படிக்க ஆசை வந்து, குடோன் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பூரணத்திடம் சிஷ்யராகச் சேர்ந்தார். பூரணத்துக்கு அவர் மகள் வயசுதான். ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மத்தியானம் ஒரு சேதி வந்தது. நாய்க்கடி ஊசி மருந்துப் பெட்டி ஒன்று, ஐஸ் உருகிப்போன வண்டியில் சூடேறிக் கெட்டு, எப்போதோ ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. அதைப் போடுவதும் ஒன்று, பச்சைத் தண்ணீரைப் போடுவதும் ஒன்று. கடித்தது வெறிநாய் என்றால் கடிபட்டவர் பிழைக்கமாட்டார். சாயங்கால ஊசி நேரத்துக்குள் பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரிந்தாகணும்.

மருந்து கைமாறுவதெல்லாம் பிளாக்செயினில் பதிவாகும். பதிவுகளைக் கட்டுக் கட்டாக முடிந்து ஒன்றோடொன்று கோத்து வைத்திருப்பதால் ஒருத்தரும் திருத்த முடியாது. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் பெட்டி எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுக்காது. ஒவ்வொரு கட்டாகப் பிரித்துத்தான் பார்க்கணும்.

அண்ணாச்சி எட்டு ஆட்களை இறக்கினார். ஆட்கள் என்றால் மனுஷர்கள் இல்லை, ஒரே சமயத்தில் தேடுகிற எட்டுக் கம்ப்யூட்டர் நிரல்கள். மனுஷன் நியாயஸ்தர் இல்லையா, கட்டுகளை எட்டுச் சமபங்காகப் பிரித்துக் கொடுத்தார். பழைய கட்டுகளில் பதிவு கொஞ்சம், புதுக் கட்டுகளிலோ நிரம்பி வழிந்தது. பழைய கட்டுகள் கிடைத்தவர்கள் சீக்கிரமே முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாவது ஆள் மட்டும் முக்கி முனகிக்கொண்டிருந்தான்.

டீச்சரிடம் ஓடினார். இன்னும் நூறு ஆட்களை இறக்கட்டுமா என்று கேட்டார்.

பூரணம் திரையைப் பார்த்தாள். "உங்க மக கல்யாணப் பந்தியில எப்படிப் பரிமாறினாங்க அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். சாம்பார் வாளிக்காரன் தன் வரிசை முடிந்ததென்று நிற்கவில்லை, எந்த இலை காத்திருந்ததோ அங்கே ஓடினான். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். பங்குகளைக் கலைத்து, கட்டுகளைச் சின்னச் சின்னக் கத்தைகளாக்கிப் பொதுவில் வைத்தார். முடித்தவன் அடுத்த கத்தையை எடுத்துக்கொள்ளணும். ஒருவன் கண்டுபிடித்துவிட்டால் எல்லாரும் நிறுத்திவிடணும்.

கண்டுபிடித்தது ஐந்தாவது ஆள். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி.

உடனே போன் போட்டார். நர்ஸ் போனைக் காதில் வைத்தபடியே போய்ப் பார்த்து, அதே எண்தான் என்றாள். கடிபட்ட சின்னப் பிள்ளை ஒருத்தி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாளாம். வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போடுகிறேன் என்றவள், "நல்லா இருப்பீங்க" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அண்ணாச்சிக்கும் கண் நிறைந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'ஐந்தாவது ஆளுக்கு நன்றி' என்று நிரலின் தலையில் பெரிதாக எழுதி வைத்தார். எழுதியதைப் படிக்கப் படிக்க மனசு குளிர்ந்தது.

பூரணமும் வந்து அதைப் படித்தாள்.

"மத்த ஏழு பேருக்கு?"

"அவங்க வெறுங்கையோடதானே வந்தாங்க டீச்சர். பாவம், வீண் உழைப்பு."

"அவங்க பாத்த இடத்தையெல்லாம் அஞ்சாவது ஆளே பாக்க வேண்டி இருந்திருந்தா, அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் எந்தப் பெட்டியில இருந்து ஊசி போட்டிருப்பாங்க அண்ணாச்சி?"