லேத் மேல் வைத்த டம்ளர்

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. அங்கே கடைசல் பிடித்த தண்டுகளெல்லாம் திடீரென்று அலை அலையாக வரி விழுந்து வந்தன. ஆபரேட்டர் நாச்சிமுத்து டூலை மாற்றினார், வேகத்தைக் குறைத்தார். வரி போகவில்லை.

“வயசாயிருச்சு, உன் கை நடுங்குது” என்று மேனேஜர் ஞானசேகர் அவரை வேலையை விட்டே அனுப்பினார்.

புது ஆள் வந்தும் அதே வரி. ஞானசேகர் எல்லோரையும் கூட்டினார்.

“சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லைன்னா நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு வர வேண்டாம்.”

இரும்புச் சுருள் கூட்டும் பழனாத்தாள் முன்னால் வந்தாள். நிறுத்தியிருந்த லேத்தின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். தண்ணீர் நடுங்கியது.

“இப்ப இதை யாருமே தொடலீங்க சார். யாரு கை நடுங்குதுங்க?”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். லேத்துக்குப் பக்கத்துச் சுவரோரம் ஓடிக்கொண்டிருந்த காற்றுக் கம்ப்ரசரை அவள் போய் நிறுத்தினாள். தண்ணீர் அசையாமல் நின்றது. தன் அறைக்குச் சத்தம் கேட்கிறதென்று போன மாதம் அதை லேத்துக்குப் பக்கத்தில் மாற்றச் சொன்னவர் ஞானசேகர்தான். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கம்ப்ரசர் பழைய இடத்துக்குப் போனது. தண்டுகள் கண்ணாடி மாதிரி வந்தன.

நாச்சிமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தவரைத் தேடிப் பழனாத்தாள் போனாள்.

“எனக்கு அப்பவே தெரியுமுங்கண்ணா. கம்ப்ரசர் பக்கத்துல வந்த நாள்ல இருந்து லேத் மேல வச்ச டீ ஆடிட்டேதான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏம்மா அன்னைக்குச் சொல்லலை?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அன்னைக்குப் போனது உங்க வேலை மட்டும்தானுங்களே அண்ணா.”