வேர் ஓடிய இடம்

முன்னொரு காலத்தில் கோடியூர் நாட்டை அரிகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் பளபளவென்று எதைக் காட்டினாலும் மயங்கிவிடுவான்.

அவன் சபை கூட்டியது கொள்ளுத்தாத்தா கட்டிய கல் மண்டபத்தில். வெள்ளம் வந்தால் ஆற்றங்கரை ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து ஒதுங்குவதும் அதே மண்டபத்தில்தான். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க அந்த வருஷம் கொஞ்சம் பொன் ஒதுக்கியிருந்தார்கள். அத்தனையையும் தகடாக அடித்து மண்டபத்துக்கு முன்னால் இருந்த செங்கல் தோரணவாயிலுக்குப் போர்த்திவிடலாம் என்று ராஜாவின் காதில் ஓதினான் அரண்மனை அதிகாரி சிங்கநாதன். மந்திரி நல்லுடையாரின் பேச்சு சபையில் எடுபடுவது அவனுக்கு வயிற்றெரிச்சல். அவரை முந்த இதுதான் சமயம் என்று நினைத்தான்.

ஆவணி மாதம் கொத்துவேலைக்காரி பூவாயி சபைக்கு வந்தாள். மண்டபத்தின் உச்சியில் அரசங்கன்று முளைத்திருக்கிறது, இந்த மழைக்குச் சுவர் தாங்காது, போன வெள்ளத்தில் என் மூன்று பிள்ளைகளும் அதன் கீழேதான் படுத்திருந்தார்கள் என்றாள். ஒரு சாண் செடிக்கா இத்தனை ஒப்பாரி என்று சிங்கநாதன் சிரித்தான். ராஜாவும் கூடச் சிரித்தான்.

நல்லுடையார் எழுந்தார். "மகாராஜா, இத்தனை வருஷத்தில் நான் ஒன்றும் கேட்டதில்லை. அந்தச் செடியை எனக்குத் தானமாகக் கொடுங்கள்."

மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிங்கநாதனுக்கு ஒரே சந்தோஷம். பட்டயத்தைத் தானே எழுதினான். கேலிதானே, தாராளமாகவே எழுதினான்: 'இச்செடியும், இதன் வேர் ஓடிய இடமெல்லாமும் நல்லுடையாருக்கே.' ராஜா முத்திரை குத்தினான்.

என் சொத்து எதுவரைக்கும் இருக்கிறது, பார்த்துச் சொல்லம்மா என்று மந்திரி பூவாயியிடம் சொன்னார். அவள் கடப்பாரையோடு மேலே ஏறிக் கல்லை நெம்பினாள். கல் கையோடு வந்தது. உள்ளே வேர் முழங்கைப் பருமன். அதைப் பிடித்துக்கொண்டே கல் கல்லாக எடுத்துவந்தாள். வேர் சுவருக்குள் இறங்கி நேரே சிம்மாசன மேடைக்கு அடியில் போயிருந்தது. பின்சுவர் மேடையை விட்டு ஒரு சாண் விலகி நின்றது.

"வருசா வருசம் திருவிழாவுக்கு மேலால கிள்ளிப் போட்டாங்க, மகாராசா. செடி சாணாவே இருந்துச்சு. வேரு உள்ளுக்குள்ள பெருத்துக்கிட்டே போச்சு" என்றாள்.

"மகாராஜா, தாங்கள் உட்கார்ந்திருப்பது என் இடத்தில்" என்றார் நல்லுடையார். "எழுந்திருக்கச் சொல்ல மாட்டேன். திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வேரை எடுத்துச் சுவரைக் கட்டிய பிறகு."

ராஜா தானே எழுந்தான். விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தான். விரலில் வெளிக்காற்று பட்டது. சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

"தோரணம் நின்றுகொண்டுதானே இருக்கிறது. பொன்னெல்லாம் இதற்குப் போகட்டும்" என்றான்.

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பழுதுவேலை முழுவதும் பூவாயி சொல்படி நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டான். சிங்கநாதனுக்கும் வேலை கிடைத்தது: மாதம் ஒருமுறை கூரையில் ஏறி, முளைத்த கன்றுகளைப் பிடுங்கி, வேர் முழுசாக வந்திருக்கிறதா என்று பூவாயியிடம் காட்ட வேண்டும்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. ஆற்றங்கரை ஜனங்கள் நனைந்த மூட்டைகளோடு, சுவர் கட்டி முடிந்திருந்த மண்டபத்துக்கு ஓடிவந்தார்கள், பொன் ஏறாத அந்தச் செங்கல் தோரணவாயில் வழியாக.