அல்லிக்கு அப்பா யார்?

மேலக்காட்டு முயல் மருதன், காய்ச்சலில் துவண்ட தன் மகள் அல்லியை முதுகில் சுமந்துகொண்டு புதுப் பாலத்தின் மேல் ஓடியது. அந்தக் காய்ச்சலுக்கு மூலிகை ஆற்றுக்கு அக்கரையில், கீழக்காட்டில் மட்டும்தான் முளைக்கும்.

முன்பெல்லாம் அக்கரைக்குப் போகவே அனுமதி கிடையாது. போன மாதம்தான் இரண்டு காடுகளையும் ஆளும் யானைகள் பாலத்தைத் திறந்துவைத்து, கல்யாண வீடு மாதிரி மாலை மாற்றிக்கொண்டன. இரண்டு காடுகளின் மின்மினிப் பலகைகளையும் இணைத்தன. யார் பெயர் என்ன, யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் அந்த மின்மினிகளுக்கு மனப்பாடம். கேள்வி கேட்டால் பதிவை எழுத்தாக மின்னிக் காட்டி, பொருந்தினால் பச்சையாகவும் பொருந்தாவிட்டால் சிவப்பாகவும் எரியும்.

"இனி இரண்டு காடும் ஒரே காடு! கண் இமைப்பதற்குள் பதில்!" என்று யானைகள் பிளிறின. மிருகங்கள் எல்லாம் ஆரவாரம் செய்தன. மருதனும்தான்.

கீழக்காட்டு மருந்துக் குகை வாசலில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

"ஐயா, சீக்கிரம்! புள்ளைக்கு உடம்பு கொதிக்குது!"

"பெத்தவங்க கையிலதான் மருந்து குடுப்போம். பேரைச் சொல்லு!"

"செ. மருதன். இவ என் மக, ம. அல்லி."

குரங்கு பலகையைத் தட்டியது. கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சிவப்பு!

"உன் குடும்பப் பேரு செவலையன். இவ குடும்பப் பேரு மருதன். இவ உன் மக இல்ல!"

"செவலையன் எங்க அப்பா! மருதன் நான்தான் ஐயா!"

"நீ செவலையன்னுதான் பலகை சொல்லுது. யார் வீட்டுப் புள்ளையத் தூக்கிட்டு வந்த?"

நடந்தது இதுதான். மேலக்காட்டில் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். கீழக்காட்டுப் பலகையிலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் விளக்கே எரியாது. எதையாவது நிரப்பினால் போதும் என்று மேலக்காட்டு நரி குமாஸ்தா அந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் அப்பா பெயரை எழுதித் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து மேலக்காட்டில் எந்தத் தகப்பனும் தன் பிள்ளைக்குச் சொந்தமில்லை. அது அந்தக் காட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"அப்பா, தொண்டை காயுது," என்று முனகியது அல்லி.

"கேட்டீங்களா? அப்பான்னு கூப்பிடுதே!"

"வாய் வார்த்தை செல்லாது!" என்றது குரங்கு. பிறகு குரலைத் தாழ்த்தியது. "எனக்குத் தெரியுதுப்பா. பலகைக்குத் தெரியலையே!"

குரங்கு பலகை வழியாக மேலக்காட்டுக்கு விளக்கம் கேட்டு அனுப்பியது. "கட்டம் உங்களுடையது, நாங்கள் சரியாகத்தான் நிரப்பினோம்," என்று நரி பதில் அனுப்பியது. "கட்டம் சரி, நிரப்பியதுதான் தப்பு," என்று கீழக்காடு திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு பதிலும் கண் இமைப்பதற்குள் ஆற்றைத் தாண்டியது. அந்த வேகத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்! குகைக்குள் பத்தடி தூரத்தில் மூலிகை கட்டுக்கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

உச்சிவெயில் சாய்வதற்குள் அல்லி இறந்துவிட்டது.

குரங்கு தன் வேலையைப் பார்த்தது. "உடலை வாங்கிக்க இவன் உறவுக்காரனா?" என்று பலகையைக் கேட்டது. அதற்கும் சிவப்புதான் எரிந்தது.

மருதன் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தது.

"நில்லு! இன்னும் பச்சை வரல!" என்று பின்னால் கத்தியது குரங்கு.

அக்கரையில் பிள்ளைக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிய பாலம், எத்தனை வேகமானதாக இருந்தாலும் யாரையும் கரை சேர்க்காது.